மனேஜர் கண்டுபிடித்த இந்தியர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரெக்ஸ்டேலில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்தில் துப்புரவு வேலை. ரொறன்ரோவில் அப்படியொரு கழகம் இருந்தது என்று இப்போது சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அப்போதும் பெரிதாக நம்பவில்லை. விளையாட்டைப் பார்க்க வருகிறவர்களைவிடக் கூட்டித் துடைக்கிறவர்கள்தான் அங்கே கூட என்று இவர் சொல்வார்.

இவர் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். பந்தைக் காலால் தொட்டவர் அல்ல. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று, உள்ளே ஓடுகிறவர்களை ஏசுவதில் பெயரெடுத்தவர். இந்தத் தகுதிகள் எல்லாம் சேர்ந்துதான் அவருக்குக் கனடாவில் ஒரு வாளியையும் தும்புத்தடியையும் வாங்கிக் கொடுத்தன.

ஒரு வசந்த காலத்து மத்தியானம் வேலையால் வந்தவர், சப்பாத்தைக் கழற்ற முதலே விசயத்தைச் சொன்னார். கழகத்தின் மனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வீட்டில் சும்மா கிடக்கிற அறை ஏதும் உண்டா என்று கேட்டாராம். புதிதாக ஒரு விளையாட்டுக்காரன் வருகிறான், பத்தொன்பது வயது, இந்தியன், தூர இடத்துப் பிள்ளை, ஓர் இந்தியக் குடும்பத்தோடு இருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும், வாடகையைக் கழகம் பார்த்துக்கொள்ளும்.

"நாங்கள் இந்தியாக்காரர் இல்லையெண்டு நீங்கள் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"அந்தாள் எனக்கு வேலை தந்திருக்கு. நான் அந்தாளுக்குப் புவியியல் படிப்பிக்கோணுமோ?" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க இருவரும் ஆராய்ச்சி செய்தோம். இந்தியா, உதைபந்தாட்டம், ஆகவே கல்கத்தா என்று இவர் முடிவு கட்டினார். இந்தியாக்காரர் என்றால் சைவம்தான் என்று நான் முடிவு கட்டினேன். வங்காளிகள் மூன்று நேரமும் மீன் தின்னக் கூடியவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மீன் சட்டிகளைத் தேய்த்துக் கழுவினேன். குளிர்ப்பெட்டிக்குள் இருந்த குழம்பை இரண்டு வீடு தள்ளியிருந்த அன்ரிக்குக் கொடுத்தனுப்பினேன். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உருட்டத் தெரியாத சப்பாத்தி மாவிலும் ஒரு பை வாங்கி வைத்தேன்.

மனேஜரே தன் காரில் அவனைக் கொண்டுவந்து இறக்கினார். நெடிய பிள்ளை. அகன்ற முகம், பின்னால் இழுத்துக் கட்டிய கறுத்த நீளத் தலைமயிர், தோளில் ஒரு பை. பார்த்தவுடன் நேபாளத்துப் பக்கமோ என்று நினைத்தேன். மனேஜர் ஒரு கையை அவன் தோளிலும் மறு கையை என் கணவர் தோளிலும் வைத்து, உங்களுக்குள் கதைக்க நிறைய இருக்கும் என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் நல்ல மனிதர். அதை அவரே எல்லோருக்கும் அடிக்கடி சொல்வார்.

கதைக்க நிறைய இருந்ததுதான். நான் பருப்பையும் கத்தரிக்காயையும், சப்பாத்தி என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றையும் மேசையில் வைத்தேன். கல்கத்தாவில் எந்தப் பக்கம் என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை சற்று யோசித்துவிட்டுத் தன் ஊரின் பெயரைச் சொன்னான். நீளமான பெயர். இவர் திரும்பவும் சொல்லச் சொன்னார். ஒன்ராறியோவின் வடக்கே இருக்கிறது, தெருக் கிடையாது, சின்ன விமானத்தில்தான் போக வேண்டும், மாரிக் குளிரில் மட்டும் உறைந்த ஏரிக்கு மேலால் வண்டி ஓடும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். பிறகு மரியாதைக்காகத் திருப்பிக் கேட்டான்.

"நீங்கள் எந்த இனம்?"

இலங்கை என்று இவர் சொன்னார். அது எந்த ஆற்றுப் பக்கம் என்று அவன் கேட்டான்.

முதலில் விளங்கிக்கொண்டவன் அவன்தான். சத்தம் போடாமல், தோள் இரண்டும் குலுங்கச் சிரித்தான். அவனுடைய தாயோடு மனேஜர் போனில் கதைத்தபோது, உங்கள் மகனை ஓர் இந்தியக் குடும்பத்தோடு விடுகிறோம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் எந்த இனத்து ஆட்கள் என்று தாய் கேட்டதற்கு, விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார். இந்தியர் என்றால் தங்களைப்போல கிரீ என்ற பூர்வகுடி ஆட்களாக இருக்கும், இல்லாவிட்டாலும் வேறொரு பூர்வகுடியாக இருக்கும் என்று நினைத்து அந்தத் தாய் எங்களுக்கு ஒரு பொதி கொடுத்தனுப்பியிருந்தார். அவன் பையைத் திறந்து அதை எடுத்து மேசையில் வைத்தான். புகையில் வாட்டிய மீன்.

இவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். சப்பாத்தியைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்து, "சோறு இருக்கோ?" என்று கேட்டார். அன்று மாலை மூன்று பேரும் அந்தத் தாயின் மீனைத்தான் சாப்பிட்டோம்.

செய்தி இரண்டு வீடு தள்ளிப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. அன்ரி எங்களுக்கு முந்தியே கனடா வந்தவர் என்பதால் இந்த நாட்டைப் பற்றிய எல்லா அறிவும் அவரிடம் இருந்தது.

"செவ்விந்தியனையே வீட்டுக்குள்ளை விட்டிருக்கிறாய்? உவங்கள் குடிச்சுப்போட்டு அடிபடுவாங்கள் பிள்ளை," என்றார்.

அன்ரியின் கணவரை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இரண்டு பேர் தாங்கித்தான் காருக்குள் ஏற்றுவார்கள். அது வேறு. அது களைப்பு. அன்ரிக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்த நிலமெல்லாம் தங்களுடையது என்று அவர்கள் சொல்கிறார்களாம், விட்டால் நாங்கள் வாங்கிய வீட்டையும் கேட்பார்களாம். நிலம் யாருடையது என்ற சண்டையில் வீட்டை விட்டு ஓடிவந்து அகதியாகப் பதிந்த மனுசி, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்ரியிடம் வேறெதுவும் சொல்லிப் பயனில்லை.

அவனோ, பிறத்தியார் வீட்டில் இருப்பதில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவனாக இருந்தான். அவனது ஊரில் உயர்தரப் பள்ளிக்கூடம் கிடையாது. பதினான்கு வயதிலேயே விமானமேறி, தெற்கே ஒரு பட்டணத்தில் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் மாறி மாறி இருந்து படித்திருக்கிறான். அங்கேதான் உதைபந்தாட்டமும் பழகியிருக்கிறான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். படியில் சத்தம் வராமல் ஏறுவான். குளிர்ப்பெட்டியைத் திறக்க முன் கேட்பான். அவனுடைய பை, வந்த நாளில் வைத்தபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. தேவையான உடுப்பை அதிலிருந்து எடுப்பான், துவைத்ததைத் திரும்ப அதற்குள்ளேயே வைப்பான். உடுப்பு வைக்கவென்று நான் துடைத்து வைத்திருந்த அலுமாரி லாச்சிகள் வெறுமையாகவே கிடந்தன.

முதன்முதல் அவன் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் "காணும்". போதும் என்று அர்த்தம். நான் கரண்டியோடு கிட்டப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லித் தப்பப் பார்ப்பான். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளில் எந்தப் பெறுமதியும் இல்லை என்பதையும் அதோடு கற்றுக்கொண்டான்.

கழகத்தில் அவனை வலது ஓரத்தில் விளையாட விட்டார்கள். காற்றுப்போல ஓடுகிறான் என்று பயிற்றுநருக்கு நல்ல சந்தோசம். மனேஜருக்கு ஓட்டத்தைப் பற்றி அக்கறை இல்லை. அவருக்கு ரிக்கற் விற்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆட்களைக் கூப்பிட்டு, அவனது தலைமயிரை அவிழ்த்து விடச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். அவனோ சும்மா இருந்தாலே சிரித்த முகம். அன்று வீட்டுக்கு வந்து, தான் எப்படி நின்றேன் என்று எங்களுக்குச் செய்து காட்டினான். நாடியைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, வெகு தூரத்தைப் பார்த்தபடி.

தூரத்தில் அப்படி என்ன இருந்தது என்று இவர் கேட்டார்.

"கார் நிறுத்திற இடம், அங்கிள்," என்றான்.

பருவத்தின் முதல் ஆட்டத்துக்குக் கழகம் எங்களுக்கு இரண்டு ரிக்கற் தந்தது. இவர் அன்றைக்கு அங்கேயே வேலை என்பதால் ஒன்று மிஞ்சிவிட்டது. அதையும் சேர்த்தே பெரிய மனதோடு தந்தார்கள். நான் வேளைக்கே போய், உடைமாற்றும் அறைக்கு முன்னால் இருந்த நடை ஓடையில் இவரோடு நின்றேன். இவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள்ளிருந்து மனேஜரின் குரல் கேட்டது. ஆட்டம் தொடங்க முன், அவன் தலையில் ஓர் இறகுக் கிரீடத்தை வைத்துக்கொண்டு மைதானத்தை ஒருமுறை சுற்றி ஓட வேண்டும். ரீவிக்காரர் வந்திருக்கிறார்கள். கிரீடம் நாடக உடுப்பு வாடகைக்கு விடுகிற கடையில் எடுத்தது. வான்கோழி இறகுக்குச் சிவப்புச் சாயம் போட்டது என்று பார்த்தாலே தெரியும்.

அது தங்கள் ஆட்களுடையது அல்ல, மேற்கே சமவெளியில் இருப்பவர்களுடையது என்று அவன் சொன்னான். அவர்களிலும் அதற்குத் தகுதி பெற்றவர்தான் அணியலாம், தான் போட்டால் ஊரில் சிரிப்பார்கள் என்றான். இங்கே ஒருவருக்கும் அது தெரியாது என்று மனேஜர் ஆறுதல் சொன்னார். எங்கள் ஊரிலும் ரீவி இருக்கிறது என்றான் இவன். உன் சமூகத்து இளம்பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்றார் மனேஜர். அவர்களைத்தான் நினைக்கிறேன் என்றான். குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்று சொல்கிற அதே குரல். ஆனால் இங்கே அது எடுபட்டது.

மனேஜர் கிரீடத்தோடு வெளியே வந்தார். ஓடையில் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அவருடைய மூளைக்குள் என்ன நடந்தது என்பதைக் கண்ணாடிப் போத்தலுக்குள் பார்ப்பது போல எனக்குத் தெரிந்தது. உயரம் கொஞ்சம் குறைவுதான். வயிறு கொஞ்சம் கூடத்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப் போகிறது? நீயும் இந்தியன்தானே, ஒரே ஒரு சுற்று, என்று மனேஜர் கிரீடத்தை நீட்டினார்.

கனடா வந்த நாளிலிருந்து என் கணவர் எந்த முதலாளிக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நத்தார் பண்டிகை நாளில் வா என்றால் போவார். காய்ச்சலோடு வா என்றாலும் போவார். இதையும் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவிடுவார் என்றுதான் நான் பயந்தேன்.

இவர் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். கையை நீட்டவில்லை.

"நான் இங்கே கழுவ வந்தவன், சேர். எதைக் காட்டினாலும் கழுவுவன். இது ஏலாது," என்று தன் கச்சேரி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

இது சும்மா ஒரு பகிடிக்குத்தான் என்றார் மனேஜர்.

"எனக்குப் பகிடி விளங்கிறது குறைவு, சேர்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் தும்புத்தடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். அறைவாசலில் பிள்ளை காலுறை ஒன்றைப் போட்டும் மற்றதைப் போடாமலும் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கழகத்துக்கென்று கரடி வேடம் போடுகிற ஓர் ஆள் இருந்தார், அவர் தலையில் அதை வைத்து ஓட விட்டார்கள். சிவப்பு இறகு வைத்த கரடி மைதானத்தைச் சுற்றி வந்தது. பூர்வகுடிகளுக்கு அன்று செய்யப்பட்ட மரியாதை என்று ஒலிபெருக்கியில் அதற்கு விளக்கமும் சொன்னார்கள்.

அவனை ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் உள்ளே விட்டார்கள். அவன் பந்தைத் தொட்டவுடன் எனக்குப் பின் வரிசையில் ஒருவர் வாயில் கையைத் தட்டித் தட்டி ஊளையிட்டார். படத்தில் பார்த்ததாக இருக்கும். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த முறை பந்து வந்தபோது கோட்டோரமாக ஓடி, இரண்டு பேரை விலத்தி, குறுக்கே ஒரு பந்து கொடுத்தான். மற்றவன் தலையால் இடித்துக் கோல் போட்டான். பின் வரிசைக்காரர் ஊளையை விட்டுவிட்டு எழும்பி நின்று கை தட்டினார். கை இரண்டுதானே, இரண்டு வேலைக்கும் போதாது. மறுநாள் பத்திரிகையில் அவனைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

ஆட்டம் முடிந்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் இவர் அவனைப் பிடித்து ஏசினார். முதல்தரம் பந்து வந்தபோது ஏன் உள்ளுக்கு வெட்டி ஓடவில்லை, கண் எங்கே இருந்தது, அந்த இடத்தில் ஒரு கிழவன் நின்றிருந்தாலும் வெட்டியிருப்பானே என்று. தமிழும் ஆங்கிலமுமாகக் கை காலை எறிந்து ஏசினார். எங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் இவர் அவனை ஏசியது அதுதான் முதல்தரம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் துவைத்த உடுப்போடு மேலே போனேன். பை கட்டிலுக்கு அடியில் வெறுமையாகக் கிடந்தது. உடுப்பெல்லாம் லாச்சிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கீழே வந்து இவரிடம் சொன்னேன். "உடுப்பு லாச்சிக்கை இருக்காமல் வேறை எங்கை இருக்கும்? நீர் ஒரு ஆள்," என்றார். ஆனால் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

கழகம் தன் கோபத்தை நாகரிகமாகக் காட்டியது. இவரை முழு மைதானப் பொறுப்பிலிருந்து விடுவித்து, கிழக்குப் பக்கத்துக் கழிவறைகளுக்கென்றே தனிப்பட நியமித்தார்கள். அவனையும் மாற்று விளையாட்டுக்காரர் இருக்கிற வாங்கில் தனிப்பட இருத்தினார்கள். ஆனால் தெய்வம் நின்று கொல்லும்வரை காத்திருக்க மனேஜருக்குப் பொறுமை இருக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விளையாட்டுக்காரர் போனபோது வாசற்கதவில் பூட்டுத் தொங்கியது. கழகம் மூடியாயிற்று. மனேஜர் வீடு விற்கிற வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். யாரை எந்த வீட்டில் குடியிருத்துவது என்பதில் அவருக்கு ஏற்கெனவே கைப்பழக்கம் இருந்தது.

இப்போது வேலை இல்லாத இரண்டு ஆண்கள் என் வீட்டில். இருவரும் பூங்காவுக்குப் போவார்கள். ஒருவர் ஓடுவார், ஒருவர் ஏசுவார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் ஒரு தட்டம் ரோல்ஸோடு வந்தார். ஸ்காபரோவில் ஈழத்து ஊர்க் கழகங்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி. அந்தந்த ஊரவர்தான் விளையாடலாம் என்பது கடுமையான விதி. அதனால் ஒவ்வொரு கழகமும் நல்ல விளையாட்டுக்காரன் எங்கே இருந்தாலும் அவனுக்குத் தங்கள் ஊரில் ஒரு தாய்மாமனை ஏற்பாடு செய்துகொள்ளும். எங்கள் செயலாளரும் வரும்போதே ஒரு மாமன் கதையோடு வந்திருந்தார்.

"தம்பியின்ரை தாய் எங்கட ஊர்தானெண்டு சொல்லுவம். ஆர் கேக்கப் போறாங்கள்?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஒரு கூட்டம் அவனை வேடம் போட்டு ஆடச் சொன்னது, இன்னொரு கூட்டம் வேடம் போடாமலே ஆளை மாற்றப் பார்க்கிறது என்று எனக்குள் எரிச்சலாக இருந்தது. இவர் அவனுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் மொழிபெயர்த்தார். உனக்கு விருப்பமில்லாவிட்டால் இந்த ரோல்ஸைத் தின்றுவிட்டு இவரை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். அவன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு யோசித்தான். அப்போது செயலாளர், தம்பிக்கு எந்த இடத்தில் விளையாட விருப்பம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பருவம் முழுக்க அவனிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. நடுவில் என்றான். பொய் மட்டும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னான்.

பொய் தேவைப்படவே இல்லை. எதிர்க் கழகம் எதிர்பார்த்தபடியே ஆட்சேபித்தது. ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்து, அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். ஊர் என்ற சொல் அவனுக்கு அப்போது தெரியும். தன் ஊரின் நீளப் பெயரை உண்மையாகவே சொன்னான். பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். தெரியாது என்று சொல்ல அவருடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை.

"ஓ, உது மன்னாருக்கு அங்காலை," என்று சொல்லிவிட்டு விளையாட விட்டார்.

அரையிறுதியில் தோற்றோம். தோல்விக்குக் காரணம் செயலாளரின் மருமகன் கோலுக்கு நின்றது. அதைச் செயலாளரைத் தவிர எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நடுவில் நின்று அவன் விளையாடியதை அந்த வெயிலில் சனம் எழும்பி நின்று பார்த்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்து, யாருக்குக் கொடுப்பது என்று தானே முடிவெடுத்து விளையாடினான். சிரித்துக்கொண்டே விளையாடினான். இரண்டு வீடு தள்ளியிருக்கிற அன்ரி குடையோடு வந்திருந்தார். "எங்கட பொடியன் என்ன மாதிரி ஓடுறான்," என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

குளிர் தொடங்க முன், பழைய பயிற்றுநரிடமிருந்து போன் வந்தது. அவருக்கு மேற்கே ஒரு கழகத்தில் வேலை கிடைத்திருந்தது. இவனை நடுவில் விளையாட விடுவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். வருமான வரி, மாரிச் சப்பாத்து, யாரையும் நம்பாதே என்று எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்கிற எல்லாப் புத்திமதியையும் இவர் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். பஸ் போன பிறகு இவர் அறிவிப்புப் பலகையை வெகுநேரம் வாசித்துக்கொண்டு நின்றார். எந்த பஸ்ஸுக்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கே சில பருவங்கள் நன்றாக விளையாடினான். பிறகு முழங்கால் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, அங்கே விமானம் இறங்குகிற இடத்தில் வேலை எடுத்தான். கலியாணம் செய்தான். குறையென்று சொல்லி அவன் எதையும் எங்களிடம் சொன்னதில்லை.

அவன் மேற்கே போன மாதத்தில் ஒரு நாள் அவனுடைய தாய் எனக்குப் போன் எடுத்தார். ஆங்கிலம் இருவருக்கும் ஒரே அளவுதான் வந்தது, அதனால் சிரமம் இருக்கவில்லை. மகன் ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று கேட்டார். உங்கள் பிள்ளைகளும் படிக்கத் தூரம் போனார்களா என்று கேட்டார். பிள்ளைகள் இல்லை, சகோதரங்கள்தான் நாலு நாட்டில் இருக்கிறார்கள், என் தாய் யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார், போன் கிடைப்பதில்லை என்றேன். அப்படியென்றால் எனக்குப் போன் எடு என்றார்.

ஒவ்வொரு மாரிக்கும் எடுத்தேன். இங்கே சரியான குளிர் என்று நான் தொடங்குவேன். எத்தனை டிகிரி என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். அந்தக் குளிருக்கு நாங்கள் ஜன்னல் திறந்து வைப்போம் என்பார்.